மூடிய கிணற்றின் மேல் கட்டிய வீடு: விற்றவர் மறைத்த குறைக்கு வாங்கியவர் என்ன பரிகாரம் கேட்கலாம்?

கேள்வி: கன்னங்குறிச்சி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சிப் பகுதியில் 2024 பிப்ரவரியில் தனிநபர் ஒருவரிடமிருந்து நானும் என் மனைவியும் கூட்டாக ஒரு வீட்டைக் கிரயம் பெற்றோம். விற்றவர் அந்த மனையை வாங்கி, 2012ஆம் ஆண்டில் தாமே முன்னின்று வீட்டைக் கட்டி, குடும்பத்தோடு அதில் குடியிருந்தவர். கிரயத் தொகையில் பெரும்பகுதி வங்கிக் கடன். வங்கியின் சட்ட ஆலோசகரும் மதிப்பீட்டாளரும் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே பதிவு நடந்தது.

2025 நவம்பரில் பெய்த மழைக்குப் பிறகு சமையலறையின் தரை ஒரு மூலையில் விரற்கடை அளவுக்கு இறங்கியது. அதே மூலையிலிருந்து ஜன்னலின் அடிச்சட்டம் வரை சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. கொத்தனாரை அழைத்து டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தோம். அதன் அடியில் இன்னொரு அடுக்குப் பழைய டைல்ஸ் இருந்தது. அந்த அடுக்கும் அதே இடத்தில் வெடித்திருந்தது. அதற்கும் கீழே உடைந்த செங்கல், சாம்பல் மண், பிளாஸ்டிக் கழிவு ஆகியவை இறுக்கமின்றிக் கிடந்தன. இரண்டடி ஆழத்தில் கருங்கல்லால் வளைவாகக் கட்டிய சுற்றுச்சுவர் ஒன்றின் விளிம்பு தென்பட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டபோது, அந்த இடத்தில் முன்பு தோட்டத்துக் கிணறு இருந்ததாகவும், வீடு கட்டுவதற்கு முன் லாரி லாரியாக இடிபாடுகளைக் கொட்டி அதை மூடியதாகவும் சொன்னார்.

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "நேரில் வந்து பார்த்துத்தானே வாங்கினீர்கள், தாய்ப்பத்திரத்திலேயே கிணறு என்று எழுதியிருக்கிறதே" என்றார். 1978ஆம் ஆண்டின் தாய்ப்பத்திரத்தில் 2 ஏக்கர் 10 சென்ட் புஞ்சை நிலமும், "அதிலடங்கிய கிணறு, பம்ப்செட் வகையறா"வும் குறிப்பிடப்பட்டிருப்பது உண்மைதான். எங்கள் மனை அந்த நிலத்தைப் பின்னாளில் மனைகளாகப் பிரித்ததில் ஒன்று.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான். இந்தக் குறையைச் சொல்ல வேண்டிய கடமை விற்றவருக்குச் சட்டப்படி இருந்ததா? தாய்ப்பத்திரத்தில் கிணறு என்ற சொல் இருப்பதால் எங்கள் உரிமை போய்விடுமா? கிரயத்தையே ரத்து செய்யக் கேட்பதா, இழப்பீடு கேட்பதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சேலத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்

ஐயா, வணக்கம். தங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதை முழுமையான சட்டக் கருத்தாகக் கொள்ள வேண்டாம். ஆனால் தாங்கள் சொன்ன விவரங்களுக்குள்ளேயே பதிலின் பெரும்பகுதி இருக்கிறது.

அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55ஆவது பிரிவில் முதல் உட்பிரிவின் முதல் கூறு, சொத்திலோ சொத்தின் உரிமைமூலத்திலோ (விற்பவருக்கு அதன் மீது உள்ள உரிமையிலோ) உள்ள முக்கியமான குறையை வாங்குபவருக்கு வெளிப்படுத்தும் கடமையை விற்பவர் மீது சுமத்துகிறது. எல்லாக் குறையையும் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கடமை பிறக்கிறது. பிறந்த பிறகு அதை மீறினால், அப்படிச் சொல்லாமல் விடுவதை அதே பிரிவின் இறுதிப் பத்தி 'மோசடி' என்றே அழைக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதிப்படி, பேச வேண்டிய கடமை இல்லாதவர் வாய்மூடி இருப்பது மட்டும் மோசடி ஆகாது. அசையாச் சொத்து விற்பனையில் அந்தக் கடமையைச் சட்டமே விதித்திருப்பதால் நிலைமை மாறிவிடுகிறது.

குறை முக்கியமானதா என்பதை அளக்க நீதிமன்றங்கள் எளிய அளவுகோல் ஒன்றைக் கையாள்கின்றன. இதை முன்பே அறிந்திருந்தால் வாங்குபவர் இந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வராமல் இருந்திருக்கக்கூடுமா என்று பார்ப்பார்கள். சமையலறைக்கு அடியில் அரைகுறையாக மூடிய கிணறு இருக்கிறது என்று தெரிந்தால் யார்தான் அந்த விலைக்கு வாங்குவார்கள்? இந்தப் படியில் தங்களுக்குச் சிரமம் இருக்காது.

சிரமம் மற்ற இரண்டு படிகளில்தான். விற்றவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்கும் சுமை தங்களுடையது. அவர் இடையில் வாங்கிக் கைமாற்றிய ஒருவராக இருந்திருந்தால் எனக்கு நம்பிக்கை குறைவாகவே இருந்திருக்கும், ஏனென்றால் தெரியாத குறையைச் சொல்லவில்லை என்று இந்தக் கூறின்கீழ் யாரையும் பொறுப்பாக்க முடியாது. ஆனால் இவர் தாமே கட்டிக் குடியிருந்தவர். அஸ்திவாரம் தோண்டியபோது கிணற்றைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதைவிட வலுவான சான்று தங்கள் கொத்தனார் பெயர்த்த அந்த இரண்டாவது அடுக்கு டைல்ஸ். அடியில் இருந்த பழைய அடுக்கு அதே இடத்தில் வெடித்திருந்தது என்றால், தரை முன்பே இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மேலே புதிய டைல்ஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த வேலை எப்போது நடந்தது, விற்பனைப் பேச்சுக்குச் சற்று முன்னதாகவா என்பதைக் கண்டுபிடியுங்கள். இந்த வழக்கு அந்தத் தேதியைச் சுற்றித்தான் நகரும் என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. தவறான கூற்றினாலோ மோசடியாகக் கருதத்தக்க மௌனத்தினாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தாலும், சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டறியும் வழி வாங்கியவருக்கு இருந்திருந்தால், அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தாய்ப்பத்திரத்தைச் சுட்டிக்காட்டும் எதிர்த்தரப்பு இந்த விதிவிலக்கைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் 17ஆவது பிரிவு, ஒரு உண்மையை அறிந்தவர் அதைச் செயலால் மூடி மறைப்பதைத் தனி வகை மோசடியாகச் சொல்கிறது; 19ஆவது பிரிவின் விதிவிலக்கில் அந்த வகை இடம்பெறவில்லை. வெடித்த தரைக்கு மேல் புதுத் தரை போட்டது வெறும் மௌனம் அன்று, மூடி மறைத்த செயல் என்று நிறுவிவிட்டால், "பத்திரத்தைப் படித்திருக்கலாமே" என்ற வாதத்தின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

தாய்ப்பத்திரத்தைப் பற்றித் தனியாகவும் சொல்ல வேண்டும். 2 ஏக்கர் 10 சென்ட் நிலத்தில் எங்கோ ஒரு கிணறு இருந்தது என்று 1978ஆம் ஆண்டுப் பத்திரம் சொல்வதால், அது தங்கள் சமையலறைக்கு அடியில் இருக்கிறது என்று சாதாரண கவனமுள்ள எந்த வீடு வாங்குபவரும் அறிந்துகொண்டிருக்க முடியாது. செக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) கிணற்றின் இடம் குறிக்கப்படவில்லை என்றால் அந்தச் சொல் அங்கே இருப்பதற்குப் பெரிய பொருள் இல்லை. எனினும் ஓர் எச்சரிக்கை: நில அளவைப் புலப்படத்தில் கிணறுகள் குறிக்கப்படுவது உண்டு. நிலத்தை மனைகளாக உட்பிரிவு செய்வதற்கு முந்தைய பழைய புலப்படத்தின் நகலையும், அந்தக் காலத்து அடங்கலையும் (கிராம நிலக் கணக்கையும்) வாங்கிப் பாருங்கள். கிணறு அங்கேதான் இருந்தது என்பதற்கு அவை தங்களுக்குச் சான்றாகும். தாங்களும் அவற்றை முன்பே பார்த்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு அதையே திருப்பவும் கூடும். கட்டி முடித்த வீட்டை வாங்குபவர் உட்பிரிவுக்கு முந்தைய புலப்படத்தைத் தேடுவது சாதாரண கவனத்துக்கு அப்பாற்பட்டது என்றே நான் வாதாடுவேன்.

வங்கியின் சட்ட ஆலோசகர் பார்த்ததால் தங்கள் நிலை பலவீனப்படாது. அவர் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்தவர். டைல்ஸைப் பெயர்த்துப் பார்ப்பது அவர் வேலை அன்று.

இப்போதைக்கு மிக முக்கியமானது: தரையைச் சரிசெய்யும் வேலையை உடனே தொடங்கிவிடாதீர்கள். குடும்பத்தின் பாதுகாப்புக்கு முட்டுக் கொடுப்பது போன்றவற்றைச் செய்யுங்கள். மற்றவை சான்று பதிவான பிறகு ஆகட்டும். பரிகாரத்தைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

பதில்: கட்டுமானப் பொறியாளர், சூரமங்கலம்

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பொறியாளர் அறிக்கை கேட்கும்போது "விரிசல் உள்ளது, தரை இறங்கியுள்ளது" என்ற அளவில் நின்றுவிடும் அறிக்கையை ஏற்காதீர்கள். எதிர்த்தரப்பு அதைப் படித்துவிட்டு, குளியலறைக் குழாய்க் கசிவால் இறங்கியிருக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடும். காரணத்தை நிறுவும் அறிக்கைதான் தேவை. கிணற்றின் சுற்றுச்சுவர் என்று தாங்கள் கருதும் வளைவுக்கு உள்ளே ஓரிடத்திலும் வெளியே ஓரிடத்திலும் துளையிட்டு மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சேலத்தின் இந்தப் பகுதிகளில் பெரும்பாலும் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். வெளியே பத்தடிக்குள் பாறையும் உள்ளே நாற்பது அடி வரை இடிபாடும் வந்தால், அந்த இரண்டு துளைகளின் பதிவுத்தாளே வழக்கின் பாதியைச் சொல்லிவிடும்.

சீரமைப்புச் செலவையும் அதே அறிக்கையில் கேளுங்கள். இடிபாட்டின் மேல் கான்கிரீட் ஊற்றுவது தீர்வாகாது. கிணற்றின் இரு பக்கமும் உள்ள கெட்டியான பாறையில் ஊன்றிய உத்திரத்தால் பாரத்தைத் தாங்க வைப்பதா, சிறு பைல்களை (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்களை) இறக்குவதா என்பது துளைப் பதிவைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்த மதிப்பீடு இல்லாமல் இழப்பீட்டுத் தொகையை யாரும் நியாயமாகக் கணக்கிட முடியாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டைல்ஸ் ஒட்டியவரைப் பக்கத்துத் தெருவிலேயே கண்டுபிடித்துவிட்டோம். 2023 தீபாவளிக்கு முன்பு, வீட்டை விற்கப் போவதாகச் சொல்லித்தான் அந்த ஓர் அறைக்கு மட்டும் டைல்ஸ் போடச் சொன்னார்கள் என்கிறார். கிரயப் பத்திரத்தில், "யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் எனது சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுக்கிறேன்" என்ற வாசகம் இருக்கிறது. இதை வைத்தே கேட்க முடியாதா? உறவினர் சிலர் காவல் துறையில் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள். அதுவும் சரியா?

பதில்: பதிவுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அந்த வாசகம் நம் மாவட்டத்தில் அநேகமாக எல்லாக் கிரயப் பத்திரங்களிலும் இருப்பது. எழுதுபவர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதுவார்கள். அது அடமானம், ஈடு, ஜப்தி, பாகப்பிரிவினை வழக்கு, வாரிசு தகராறு போன்ற உரிமைமூலக் குறைகளைப் பற்றியது. தரைக்கடியில் கிணறு இருப்பதை வில்லங்கம் என்று அந்த வாசகத்துக்குள் கொண்டுவருவது கடினம் என்றே நினைக்கிறேன்.

உரிமைமூலத்தைப் பொறுத்தவரை அந்த வாசகம் எழுதப்படாமல் விட்டிருந்தாலும் பெரிய இழப்பு இல்லை. தாம் விற்பதாகச் சொல்லும் உரிமை தமக்கு இருக்கிறது, அதை மாற்றித் தரும் அதிகாரமும் இருக்கிறது என்று விற்பவர் உறுதி கூறியதாகவே 55ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு எடுத்துக்கொள்கிறது. பதிவாகிவிட்டதாலேயே உரிமைமூலம் சரியாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். சார்பதிவாளர் உரிமைமூலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரி அல்லர். முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்க இடம் தந்த, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் இருந்த 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தபோது இதை மீண்டும் தெளிவாக்கியது.

தாங்களும் விற்றவரும் சமாதானமாகி வீட்டைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானால், கிரயத்தை ரத்து செய்யும் பத்திரம் எழுதினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். கிரயம் முடிந்து உரிமை மாறிய பிறகு, இரு தரப்பும் சம்மதித்தாலும் ரத்துப் பத்திரத்தால் உரிமை பழையவருக்குத் திரும்பாது, மறுகிரயம்தான் செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. மறுகிரயம் என்றால் மீண்டும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்தச் செலவு யாருடையது என்பதைச் சமாதானப் பேச்சிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதில்: ஏற்காடு அடிவாரம்

இந்தத் திரியைப் படித்ததும் எங்கள் விவகாரத்தை எழுதத் தோன்றியது, ஏனென்றால் நாங்கள் இன்னும் கிரயம் முடிக்காத கட்டத்தில் இருக்கிறோம். ஏற்காட்டில் வீடு கட்டும் எண்ணத்தோடு அரை ஏக்கர் பட்டா நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தோம். ரோட்டிலிருந்து நிலம் வரை ஜீப் போகும் மண்பாதை இருந்தது. பாதை யாருடையது என்று கேட்டதற்கு, "காலங்காலமாக எல்லாரும் போகிற வழிதான்" என்று விற்பவர் எழுத்திலேயே பதில் அனுப்பினார். பிறகு பார்த்தால் அது பக்கத்துக் காபித் தோட்டத்தின் சொந்தப் பாதை. தோட்டத்துக்காரர் அனுமதியால் விட்டுவந்திருக்கிறார், இப்போது கேட் போட்டுவிட்டார். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சங்கிலியைக் கட்டிப் பூட்டியிருக்கிறது. விற்பவரோ, கெடு முடிந்துவிட்டது, முன்பணம் திரும்பாது என்கிறார்.

எங்கள் வழக்கறிஞர் காட்டிய தீர்ப்பு பயன்படலாம் என்பதால் சொல்கிறேன். ஹரியானா நிதிக் கழகம் ஏலம் விட்ட சொத்துக்குப் போகும் பாதை தொடர்பான வழக்கில், பாதை பற்றிய குறையை வெளிப்படுத்துவது 55ஆவது பிரிவின்படி விற்பவரின் கடமை என்றும், அதைச் செய்யாமல் வாங்குபவரின் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது.

மலைப்பகுதியில் நிலம் வாங்குவோருக்கு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவது ஊரறிந்த அரசாணை. கட்டட அனுமதி எளிதில் கிடைக்காது என்பதை விற்பவர் சொல்லவில்லை என்று பிறகு வழக்காட முடியாது என்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் மலைவாழ் மக்களுக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படை (ஒதுக்கீடு) செய்த நிலமா என்பதைக் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள், ஒப்படை ஆணையின் நகலையும் கேளுங்கள். வாயால் சொன்ன பதில் நீதிமன்றத்தில் நிற்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

பதில்: சேலத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்

ஏற்காட்டு நண்பருக்கு முதலில் ஒரு வார்த்தை. தாங்கள் பெற்ற சரியான ஆலோசனைக்கு இன்னொரு பிரிவும் துணை நிற்கிறது. சொத்தையும் உரிமைமூலத்தையும் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கெல்லாம் தமக்குத் தெரிந்தவரை பதில் சொல்வது விற்பவரின் தனிக் கடமை. அது 55ஆவது பிரிவின் முதல் உட்பிரிவின் மூன்றாவது கூறு. வெளிப்படையாகத் தெரியும் குறையைப் பற்றி விற்பவர் பேசாமல் இருக்கலாம், ஆனால் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கியதால் தாங்கள் வலுவான இடத்தில் இருக்கிறீர்கள். அத்துடன், தங்கள் பக்கம் தவறில்லாமல் கிரயம் நின்றுபோனால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே பொறுப்புரிமை (அந்தச் சொத்திலிருந்தே பணத்தை ஈடுசெய்துகொள்ளும் உரிமை) உண்டு என்று ஆறாம் உட்பிரிவு சொல்கிறது. அவர் வேறொருவருக்கு விற்க முயல்வதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் வழக்குத் தொடுத்து, அந்தப் பொறுப்புரிமையையும் நிலைநாட்டக் கேளுங்கள்.

கன்னங்குறிச்சி ஐயாவுக்கு: டைல்ஸ் ஒட்டியவரின் சொல் மிகவும் மதிப்புள்ளது. அவர் வாங்கிய தொகைக்கு ஏதாவது ரசீது, கடைக்கணக்கு, தொலைபேசிச் செய்தி இருந்தால் இப்போதே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் வயதைக் கருதி, அவர் அறிந்ததை ஒரு பிரமாணப் பத்திரமாகவும் எழுதி வாங்கலாம். அது சாட்சியத்துக்கு மாற்றாகாது, ஆனால் வழக்குரை தயாரிக்கும்போது துணையாக இருக்கும்.

ரத்தா, இழப்பீடா என்பதில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். மோசடியால் பெற்ற சம்மதம் என்பதால் கிரயத்தை ரத்து செய்து தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 27, 31ஆவது பிரிவுகள் அதற்கு வழி செய்கின்றன. ஆனால் அந்த உரிமை எளிதில் கைநழுவும். உண்மை தெரிந்த பிறகும் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டவர்போல நடந்தால், உதாரணமாக மேல்தளத்தை வாடகைக்கு விட்டாலோ வீட்டை மாற்றிக் கட்டினாலோ, ரத்து கேட்க முடியாமல் போகலாம். சொத்தைப் பழைய நிலையில் திருப்பிக் கொடுக்க முடிய வேண்டும் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். அடமானம் வங்கியிடம் இருப்பதால் வங்கியையும் ஒரு தரப்பினராகச் சேர்க்க வேண்டிவரும். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் தவணையைத் தாங்கள் கட்டியே ஆக வேண்டும். விற்றவர் ஏமாற்றினார் என்பது வங்கிக்கு எதிரான வாதம் ஆகாது. கோபத்தில் தவணையை நிறுத்தி, வழக்கில் வெல்வதற்கு முன் வீட்டை வங்கி ஏலத்தில் இழந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இழப்பீடு கேட்டால் வீடு தங்களிடமே இருக்கும். சீரமைப்புச் செலவு, அந்தக் காலத்தில் வெளியே தங்கும் வாடகை, சீரமைத்த பிறகும் குறையும் சந்தை மதிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். பொறியாளர் சொன்ன மண் பரிசோதனையில் வீடு காப்பாற்றத்தக்கது என்று வந்தால் இந்த வழிதான் நல்லது என்பது என் எண்ணம். காப்பாற்ற முடியாது என்று வந்தால் ரத்தை முதன்மைக் கோரிக்கையாகவும், இழப்பீட்டை மாற்றுக் கோரிக்கையாகவும் ஒரே வழக்குரையில் வைக்கலாம். ரத்து கிடைத்தாலும் தாங்கள் கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தானாகத் திரும்பாது. அவற்றையும் நட்டமாகக் கேட்க மறவாதீர்கள்.

வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை 3 ஆண்டுகள். ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, ரத்து கோரும் உரிமையைத் தரும் உண்மைகள் முதலில் தெரியவந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 59ஆவது இனம் அது. இழப்பீட்டுக்கும் 3 ஆண்டுகள்தான். மோசடி இருந்தால் அது வெளிப்பட்ட நாளிலிருந்தோ, நியாயமான முயற்சியால் வெளிப்பட்டிருக்கக்கூடிய நாளிலிருந்தோ எண்ண 17ஆவது பிரிவு இடம் தருகிறது. அதன்படி 2028 நவம்பர் வரை இருக்கிறது என்றாலும் அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். விரிசல் 2024லேயே இருந்தது, அப்போதே பார்த்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் கணக்கு 2027 பிப்ரவரியில் முடிந்துவிடும். அந்தத் தேதிக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுவதே பத்திரம்.

காவல் துறைப் புகாரைப் பொறுத்தவரை: 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததால் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தாது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவுதான் பொருந்தும். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதற்கு டைல்ஸ் வேலை ஒரு சான்று என்பதால் புகாருக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உரிமையியல் வழக்கைக் குற்ற வழக்காக மாற்றிப் பணம் வசூலிக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கண்டித்து வருகிறது. புகாரால் தரை சீராகாது, தொகையும் தானாக வராது. உரிமையியல் வழக்கை முன்னே வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குத் தாக்கல் ஆனதும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆவது கட்டளை 9ஆவது விதிப்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டு, பொதுப்பணித் துறைப் பொறியாளர் உதவியோடு தரையைப் பார்வையிட்டு அறிக்கை பெறச் செய்யுங்கள். அதன் பிறகு, நீதிமன்ற அனுமதியோடு சீரமைப்பைத் தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்

மிகத் தெளிவாக விளக்கியதற்கு நன்றி ஐயா. நுகர்வோர் ஆணையத்திலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலோ முறையிட்டால் விரைவாக முடியும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நீதிமன்றக் கட்டணமும் அதிகம் என்கிறார்கள். வழக்குக்கு முன் பேசி முடிக்க வாய்ப்பு உண்டா?

பதில்: சேலத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்

இரண்டு ஆணையங்களும் தங்களுக்குப் பொருந்தாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் மனைப்பிரிவும் குடியிருப்பும் உருவாக்கி விற்கும் நிறுவனங்களையும் அவர்களிடம் வாங்கியவர்களையும் பற்றியது. அவர்களிடம் வாங்கியிருந்தால் ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறையை 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்யக் கேட்கலாம். உரிமைமூலக் குறைக்கான இழப்பீட்டுக்கு அந்தச் சட்டத்தில் காலவரையறைத் தடையே இல்லை. தமக்கெனக் கட்டிய வீட்டை ஒருமுறை விற்கும் தனிநபர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். நுகர்வோர் சட்டத்திலும் அப்படியே. வசதிகள் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் சேவையாக ஏற்றது, வெறும் மனை விற்பனையை 2013இல் ஏற்க மறுத்தது. தனிநபர் விற்ற பழைய வீடு இரண்டாவது வகைக்கே நெருக்கமானது. அங்கே போய் ஓராண்டைக் கழித்துவிட்டு, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள் என்று திரும்பி வருவதில் பயன் இல்லை.

நீதிமன்றக் கட்டணம் வழக்கு மதிப்பில் 3 சதவீதம். பாரம்தான், ஆனால் வழக்கு தொடங்கிய பிறகு தரப்பினர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டாலும் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. இதைச் சமாதானப் பேச்சில் எதிர்த்தரப்புக்கும் சொல்லலாம்.

வழக்குக்கு முன் முயல விரும்பினால் சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் மனு கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் முடிவானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், கூட்டுக் கிரயதாரராகிய தங்கள் மனைவி பெயரிலும் விண்ணப்பிக்கலாம். பேச்சு நடக்கும்போது காலவரையறை நின்றுவிடாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

அதற்கு முன்பாக ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் மண் பரிசோதனை அறிக்கையின் நகல், டைல்ஸ் வேலை நடந்த காலம், பெயர்த்தபோது எடுத்த புகைப்படங்கள், சீரமைப்பு மதிப்பீடு ஆகியவை இருக்கட்டும். ரத்து, இழப்பீடு ஆகிய இரண்டு உரிமைகளையும் தக்கவைத்துக்கொள்வதாக ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். தொலைபேசியில் இனிப் பேச வேண்டாம். "தாய்ப்பத்திரத்திலேயே கிணறு இருக்கிறதே" என்று அவர் சொன்ன அழைப்பு பதிவாகியிருந்தால், அந்தக் கைப்பேசியை மாற்றாமல், அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். கிணறு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அவர் வாயாலேயே வந்த சான்று அது.